நகரி ஆற்றின் கடைமடையில் எண்ணெய்ப் படலம்: நுண்ணுயிர்களால் எதுவரை முடியும்?

புதுதில்லி:

சித்தூர் மலைகளில் பெய்யும் மழையையும் எண்ணூர் மீனவரின் வலையையும் ஓர் ஆறு இணைக்கிறது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் தோன்றும் நகரி ஆறு, தமிழக எல்லையைக் கடந்து, பூண்டி நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பில் கொசஸ்தலை ஆற்றுடன் கலக்கிறது. பள்ளிப்பட்டு அருகே தோன்றி 136 கி.மீ. தூரம் ஓடும் கொசஸ்தலை, எண்ணூர் முகத்துவாரத்தில் வங்கக் கடலைச் சேர்கிறது. அந்தக் கடைமடைப் பகுதியில் 2017-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் கரிய எண்ணெய் படர்ந்தது. முதல் முறை அது கடலிலிருந்து வந்தது. இரண்டாம் முறை நிலத்திலிருந்து வந்தது.

இரண்டு முறையும் அரசுத் தரப்பிலும் நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நம்பிக்கை முன்வைக்கப்பட்டது. எண்ணெயை உணவாக்கிக் கொண்டு சிதைக்கும் நுண்ணுயிர்கள் நம்மிடம் உள்ளன என்பதே அந்த நம்பிக்கை. அது பொய்யன்று. தலைநகர் தில்லியிலும் அதையொட்டிய பரீதாபாதிலும் உள்ள ஆய்வகங்கள் இத்துறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி, களத்தில் பலனளித்த நுட்பங்களை உருவாக்கியுள்ளன. ஆயினும் எண்ணூர்க் கரையில் மக்கள் வாளிகளையும் குவளைகளையும் கொண்டுதான் எண்ணெயை அள்ளினர். ஆய்வகத்தில் இருப்பதும் ஆற்றங்கரையில் நடப்பதும் இவ்வளவு விலகி நிற்பது ஏன் என்பது அறிவியல் கேள்வி மட்டுமன்று. நிர்வாகம் பற்றிய கேள்வியும் ஆகும்.

புயலுடன் வந்த எண்ணெய்

2023 டிசம்பர் தொடக்கத்தில் 'மிக்ஜம்' புயல் வடதமிழகத்தையும் தென் ஆந்திரத்தையும் ஒருசேரத் தாக்கியது. சென்னையில் டிசம்பர் 3, 4 தேதிகளில் பெருமழை கொட்டியது. திருப்பதி, நெல்லூர் மாவட்டங்களும் மழையில் தத்தளித்தன. டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே புயல் கரையைக் கடந்தது.

மழைவெள்ளம் வடியத் தொடங்கியபோது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதப்பதை மீனவர்கள் கண்டனர். மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக அது வந்திருந்தது. செய்தித்தாள்களில் வெளியான தகவல்களின் அடிப்படையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. மணலியில் உள்ள பொதுத்துறை நிறுவனமான சென்னை பெட்ரோலியம் கழகத்தின் (சிபிசிஎல்) வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதுமானதாக இல்லாததே எண்ணெய் வெளியேறக் காரணம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. தனது குழாய்களில் கசிவு எதுவும் இல்லை என்றும், வரலாறு காணாத வெள்ளமே நிலைமைக்குக் காரணம் என்றும் நிறுவனம் விளக்கமளித்தது.

எண்ணெய் பரவிய பரப்பு சுமார் 20 சதுர கி.மீ. எனக் கடலோரக் காவல்படை கணித்தது. படகுகளும் வலைகளும் கரியாயின. கூழைக்கடாப் பறவைகளின் சிறகுகளில் எண்ணெய் ஒட்டியது. அலையாத்திச் செடிகளின் தண்டிலும், சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களிலும் எண்ணெய் பூசிக்கொண்டது. காட்டுக்குப்பம் உள்ளிட்ட கிராமங்களைச் சேர்ந்த மீனவர்களே படகில் சென்று எண்ணெயை அள்ளும் பணியில் இறங்கினர். தொடக்க நாள்களில் பலரிடம் கையுறைகூட இல்லை.

நுண்ணுயிர் எவ்வாறு உண்கிறது?

கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருளன்று. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை அது. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். நேர்ச்சங்கிலியாகவும் கிளைச்சங்கிலியாகவும் அமைந்த எளிய ஹைட்ரோகார்பன்கள் முதல் வகை. வளைய அமைப்புக் கொண்டவை இரண்டாம் வகை. பிசின்கள் மூன்றாம் வகை. தாருக்கு அதன் கருமையையும் கெட்டித்தன்மையையும் தரும் அஸ்பால்டீன்கள் நான்காம் வகை.

நுண்ணுயிர்கள் இவற்றை ஒரு வரிசைப்படியே உண்கின்றன. நேர்ச்சங்கிலிகள் முதலில் தீரும். அடுத்து கிளைச்சங்கிலிகளும் சிறு வளையங்களும் கரையும். பல வளையங்கள் பிணைந்தவை மிக மெதுவாகவே சிதையும். இவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பிசின்களும் அஸ்பால்டீன்களும் பெரும்பாலும் அப்படியே எஞ்சிவிடும். எண்ணெய் எவ்வளவு கனமானதோ, அவ்வளவுக்கு இந்த எஞ்சும் பகுதியும் அதிகம். கப்பல்களின் இயந்திரங்களில் எரிக்கப்படும் 'பர்னஸ் ஆயில்' இத்தகைய கனத்த எண்ணெயாகும்.

நுண்ணுயிர் உண்பதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. எண்ணெயும் நீரும் கலப்பதில்லை. எனவே எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில்தான் அது வேலை செய்ய முடியும். சூடோமோனாஸ் போன்ற சில வகைகள் சோப்புத் தன்மை கொண்ட பொருளைத் தாமே சுரந்து எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கின்றன. அடுத்தது, ஆக்சிஜன் வேண்டும். எண்ணெயில் கார்பன் மிகுதி. ஆனால் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் நுண்ணுயிருக்கும் வேண்டும். கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10 பங்கு, பாஸ்பரஸ் 1 பங்கு என்ற விகிதத்தைக் களப்பணியாளர்கள் வழிகாட்டியாகக் கொள்கின்றனர். இவை அனைத்தும் அமைந்தால் எண்ணெயின் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராகவும் நுண்ணுயிரின் உடலாகவும் மாறும்.

வங்கத்து விஞ்ஞானியும் அமெரிக்க நீதிமன்றமும்

இத்துறையின் வரலாற்றில் ஓர் இந்தியரின் பெயர் நிலைத்துள்ளது. மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, வெவ்வேறு சூடோமோனாஸ் வகைகளிடம் இருந்த எண்ணெய் சிதைக்கும் திறன்களை ஒரே நுண்ணுயிரில் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை கோரி 1972-இல் விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்டது. உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980 ஜூன் 16-ஆம் தேதி 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் சக்ரவர்த்திக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உயிர்த் தொழில்நுட்ப வணிகத்துக்கு வாயில் திறந்த தீர்ப்பு அது. இந்தியாவிலும் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் காப்புரிமை இல்லை என்று கூறும் சட்டப்பிரிவு நுண்ணுயிர்களுக்கு மட்டும் விலக்களிக்கிறது.

இத்தனை வழக்காடிப் பெற்ற அந்த நுண்ணுயிர் திறந்த கடலில் எண்ணெய்க் கசிவை அகற்ற ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை. மரபணு மாற்றிய உயிரை இயற்கையில் விடுவது பற்றிய அச்சம் ஒரு காரணம். எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்கள் கடலில் ஏற்கெனவே இருப்பது மற்றொரு காரணம்.

தில்லியில் பிறந்த 'ஆயில்ஜாப்பர்'

இந்திய ஆய்வாளர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். எண்ணெய் படிந்த மண்ணிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களைத் தேடிப் பிரித்தெடுத்து, அவற்றில் திறன் மிக்கவற்றை ஒன்றுசேர்ப்பதே அந்த வழி. தில்லி லோதி சாலையில் உள்ள எரிசக்தி மற்றும் வள ஆய்வு நிறுவனம் (டெரி), மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன், ஐந்து வகை நுண்ணுயிர்களின் கூட்டான 'ஆயில்ஜாப்பர்' என்பதை உருவாக்கியது. விஞ்ஞானி பன்வாரி லால் இதில் முக்கியப் பங்காற்றினார். மரபணு மாற்றம் எதுவும் இதில் இல்லை. மக்காச்சோளச் சக்கைப் பொடியில் நுண்ணுயிர்களை ஏற்றிப் பைகளில் அடைத்துவிடுகின்றனர். சுமார் மூன்று மாதங்கள் வரை அவை உயிர்ப்புடன் இருக்கும்.

ஓஎன்ஜிசி நிறுவனமும் டெரியும் இணைந்து 2007-இல் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. மதுரா உள்ளிட்ட சுத்திகரிப்பு ஆலைகளிலும் எண்ணெய் வயல்களிலும் தேங்கிய கசடு இம்முறையில் கையாளப்பட்டது. பரீதாபாதில் உள்ள இந்தியன் ஆயில் ஆய்வு மையமும் டெரியுடன் சேர்ந்து 'ஆயிலிவோரஸ்-எஸ்' என்ற மற்றொரு நுண்ணுயிர்க் கூட்டை உருவாக்கியது.

களத்தில் நடப்பது ஏறக்குறைய விவசாயம்தான். கசிவு மண்ணுக்குள் இறங்காதபடி தளம் அமைத்து, கசடை மண்ணுடன் கலந்து பரப்புகின்றனர். நுண்ணுயிர்ப் பொடியும் உரமும் இடப்படுகின்றன. ஈரம் காயாமல் நீர் தெளித்து, காற்றுப் புகும்படி அவ்வப்போது டிராக்டரால் உழுகின்றனர். குறித்த இடைவெளியில் மாதிரி எடுத்து எஞ்சிய எண்ணெயை அளக்கின்றனர். கசடின் தன்மைக்கேற்ப இதற்குச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்க் கசடு, 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவாகும். அதை எரித்தால் புகை; புதைத்தால் நிலத்தடி நீருக்கு ஆபத்து. இந்நிலையில் குறைந்த செலவில் அதைச் சிதைக்க ஒரு வழி கிடைத்தது சிறிய சாதனையன்று.

2017: வாளியும் நுண்ணுயிரும்

2017 ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' ஆகிய இரு கப்பல்கள் மோதிக் கொண்டன. கடல் மாசு ஏதுமில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. ஆனால் கரையில் எண்ணெய் ஒதுங்கத் தொடங்கியது. பின்னர் சில டன்கள் என்று கூறப்பட்டது. இறுதியில் அது நூறு டன்னைத் தாண்டியது. எர்ணாவூர்ப் பாறைகளுக்கிடையே தேங்கிய எண்ணெய், மணலுடனும் கடல்நீருடனும் கலந்து கூழாகி, இயந்திரங்களின் உறிஞ்சுகுழாய்களை அடைத்தது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் நாள்கணக்கில் அதை வாளியில் அள்ளிய காட்சியை நாடே கண்டது.

அள்ளிய கசடை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோதுதான் நுண்ணுயிர்கள் களத்துக்கு வந்தன. துறைமுக வளாகத்தில் இடம் ஒதுக்கப்பட்டு, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் மேற்பார்வையில் கசடு நுண்ணுயிர் முறையில் கையாளப்பட்டது. இதற்கு முன் 2010 ஆகஸ்டில் மும்பைக்கு அருகே 'எம்.எஸ்.சி. சித்ரா', 'கலீஜியா' கப்பல்கள் மோதியபோதும், கரையொதுங்கிய எண்ணெயைச் சிதைக்க டெரியின் நுண்ணுயிர்கள் பயன்படுத்தப்பட்டிருந்தன.

இரு நிகழ்வுகளும் காட்டும் வரிசை ஒன்றே. எண்ணெய் முதலில் பரவுகிறது. பிறகு மனிதக் கைகள் அதை அள்ளுகின்றன. எஞ்சியதைச் சிதைக்க, கடைசியாக நுண்ணுயிர் வருகிறது. முதல் சில நாள்களில் மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் கருவிகளும் செய்ய வேண்டிய வேலையை எந்த நுண்ணுயிராலும் செய்ய இயலாது.

அலாஸ்கா கற்பித்த பாடம்

இதை உலகம் முன்பே கண்டறிந்துள்ளது. 1989 மார்ச் 24-ஆம் தேதி 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி, சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் உரம் தெளித்து, அங்கேயே வாழ்ந்த நுண்ணுயிர்களைப் பெருகச் செய்தனர். எண்ணெய் சிதையும் வேகம் சில மடங்கு கூடியது. வெளியிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து தூவிய சோதனைகளிலோ குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தென்படவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட கசடுக் குழியில் பலனளிக்கும் நுண்ணுயிர்ப் பொடி, அலை மோதும் கரையில் அதே பலனைத் தரும் என்று கொள்ள முடியாது. மேலும், காற்றுப் புகாத ஆழத்தில் கற்களுக்கடியே சிக்கிய எண்ணெய், இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அங்கு காணப்பட்டது.

எண்ணூருக்கு இந்தக் கடைசிச் செய்தியே மிக முக்கியமானது. அலையாத்திக் காட்டின் சேறு, மேல் அங்குலத்துக்குக் கீழே ஏறக்குறைய ஆக்சிஜன் அற்றது. அங்கு இறங்கிய எண்ணெயை உழுது காற்றூட்ட முடியாது. உழுதால் காடே அழியும். உரம் அளவு மீறினால் பாசி பெருகி, நீரில் உள்ள ஆக்சிஜனும் குறையும். மேற்பரப்பு சுத்தமாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்ட பிறகும், நண்டும் இறாலும் வாழும் சேற்றுக்குள் எண்ணெயின் மிகக் கடினமான பகுதி நீண்ட காலம் தங்கியிருக்கக் கூடும். நுண்ணுயிர் இருக்கிறதே என்ற ஆறுதல், இந்த உண்மையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

யார் பொறுப்பு?

தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டம் 1996-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி கடல் பகுதிக்குக் கடலோரக் காவல்படை பொறுப்பு. துறைமுக எல்லைக்குள் துறைமுகமும், எண்ணெய் நிலையங்களில் அந்தந்த நிறுவனங்களும், கரையைச் சுத்தம் செய்வதில் மாநில அரசும் பொறுப்பேற்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்ணெயோ நிலத்தில் தொடங்கி, கால்வாய்க்கு வந்து, ஆற்று முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குச் சென்றது. ஏட்டில் பிரித்து வைத்த எல்லைகள் அனைத்தையும் அது கடந்தது. அதனாலேயே முதல் நாள்களில் யார் முன்னின்று செயல்படுவது என்பதில் தாமதம் நேர்ந்தது.

இதில் ஒரு முரணையும் குறிப்பிட்டாக வேண்டும். சென்னை பெட்ரோலியம் கழகம், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் துணை நிறுவனம். எண்ணெய் உண்ணும் நுண்ணுயிரை ஆய்வகத்தில் வளர்க்கும் திறன் தாய் நிறுவனத்திடம் இருந்தது. மழைநீரையும் எண்ணெயையும் பிரித்து நிறுத்தும் ஏற்பாடோ சேய் நிறுவனத்தின் வளாகத்தில் போதுமானதாக இல்லை என்று மாநில வாரியமே கூறும் நிலை ஏற்பட்டது. முன்னது உயர் அறிவியல். பின்னது சாதாரண வடிகால் பொறியியல். தவறியது சாதாரணமானதில்தான்.

தமிழக அரசு பாதிக்கப்பட்டோருக்கு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சீரமைக்கத் தலா 10,000 ரூபாய் என்பது அதன் கணக்கு. மீன் விற்காமல் கழிந்த வாரங்களையும் மாற்ற வேண்டிய வலைகளையும் கணக்கிட்டால், இத்தொகை முதலுதவி என்ற அளவிலேயே நிற்கும்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நமக்குப் புதிதன்று. வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் அக்கோட்பாட்டை நாட்டின் சட்டத்தின் ஓர் அங்கமாக அறிவித்தது. 2010-ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் அதை எழுத்தில் வைத்துள்ளது. அச்செலவில் நிவாரணத் தொகை ஒரு பகுதியே. சேற்றில் எஞ்சிய எண்ணெயைப் பல ஆண்டுகள் அளந்து கண்காணிக்கும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இதில் என்ன?

எண்ணூரில் நடந்தது எண்ணூரோடு முடிவதில்லை. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வடக்கே பழவேற்காடு ஏரியை நோக்கிச் செல்கிறது. நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் அது திருப்பதி மாவட்டத்தின் நீர்நிலை ஆகிவிட்டது. கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டு சரணாலயமும் அம்மாவட்டத்திலேயே உள்ளது. பிச்சாட்டூர் அணையிலிருந்து வரும் ஆரணி ஆறும் பழவேற்காட்டிலேயே கலக்கிறது.

சித்தூர் மாவட்டத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் பள்ளிப்பட்டில் எச்சரிக்கை. பிச்சாட்டூர் திறக்கப்பட்டால் ஊத்துக்கோட்டையில் எச்சரிக்கை. வெள்ளத்துக்கு இவ்வாறு இரு மாநில அதிகாரிகளிடையே தகவல் பரிமாற்றம் பழக்கத்தில் உள்ளது. வெள்ளம் சுமந்து வரும் மாசுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். நகரி, புத்தூர்ப் பகுதிச் சாயக்கழிவு கொசஸ்தலையில் கலப்பதாகத் தமிழக எல்லையோர மக்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர். மேலே இருப்பவர் சாயம் விடுவதும் கீழே இருப்பவர் எண்ணெய் விடுவதும் ஒரே ஆற்றுக்குத்தான். இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் சேர்ந்து, தலைமடை முதல் முகத்துவாரம் வரை அந்த ஆற்றை ஒரே ஆறாகக் கண்காணிக்கலாம்.

நுண்ணுயிர் ஆய்விலும் இந்த வட்டாரத்துக்கு இடமுண்டு. எண்ணூர்ச் சேற்றுக்கு ஏற்றவை, அச்சேற்றிலேயே வாழும் நுண்ணுயிர்கள்தாம். அவற்றைப் பிரித்தெடுத்துச் சோதிக்கும் வாய்ப்பு உள்ள கல்வி நிலையங்கள் இரு பக்கமும் உள்ளன. திருப்பதியில் 1954 முதல் இயங்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் 2015-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன; சென்னையிலும் பல நிலையங்கள் இருக்கின்றன. கசிவு நேர்ந்தபின் தில்லியிலிருந்து பை வருவதற்குக் காத்திராமல், இங்கேயே ஆய்வும் இருப்பும் இருந்தால் காலம் மிச்சப்படும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஆலை வளாகங்களில் மழைநீர் வடிகாலையும் எண்ணெய்த் தேக்கங்களையும் முற்றாகப் பிரிக்க வேண்டும். மிதவைத் தடுப்புகள் முகத்துவாரத்திலேயே எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் அள்ளும் பணியில் மீனவரை ஈடுபடுத்தினால் உரிய கூலியும் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் தர வேண்டும். நுண்ணுயிர் முறையில் சுத்தம் செய்ததாக அறிவிக்கும் ஒவ்வோர் இடத்திலும் தொடக்கத்தில் எவ்வளவு எண்ணெய் இருந்தது, முடிவில் எவ்வளவு எஞ்சியது என்ற கணக்கை மக்கள் படிக்கும் மொழியில் வெளியிட வேண்டும்.

நுண்ணுயிர் தன் பங்கைச் செய்கிறது. காற்றும் சத்தும் காலமும் கொடுத்தால், தன்னால் இயன்ற வரை அது எண்ணெயை உண்கிறது. இயலாததை அப்படியே விட்டுவிடுகிறது. அது விட்டுவைத்ததை அளந்து சொல்லவும், அடுத்த மழைக்குள் வடிகாலைச் சீர்செய்யவும் வேண்டியவர்கள் ஆலை நிர்வாகிகளும் வாரிய அதிகாரிகளும் அவர்களைக் கேள்வி கேட்கும் நாமும்தான். சித்தூர் மலைகளில் ஒவ்வோர் ஆண்டும் மழை பெய்யும். நகரி ஆறு ஒவ்வோர் ஆண்டும் எண்ணூருக்கு வந்து சேரும்.